மூச்சை எண்ணும் ஊர்கள்

நாக்பூரிலிருந்து கட்சிரோலிக்குக் கிளம்பும் சிவப்பு அரசுப் பேருந்து, உம்ரேட் வரை நிலக்கரி லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டே போகிறது. அடுத்து மிளகாய்க்குப் பேர்போன பீவாப்பூர். பிறகு நாக்பீட், பிரம்மபுரி என்று ஊர்கள் சிறுத்துக்கொண்டே வர, இரண்டு பக்கமும் நெல்வயல் விரிகிறது. விதர்பா என்றாலே பருத்தியும் கடன்பட்ட விவசாயியும்தான் என்று செய்தித்தாள்களில் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கிழக்குப் பகுதி வேறொரு நாடாகத் தெரியும். வைன்கங்கா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மாவட்டம் மாறுகிறது. ஆர்மோரியில் பாதிப் பேருந்து காலியாகிறது. மிச்சமிருப்பவர்கள் கட்சிரோலியில் இறங்கும்போது ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கடந்திருப்பார்கள், நான்கு மணி நேரமும் போயிருக்கும்.

சந்திரபூரிலிருந்து 1982இல் பிரிக்கப்பட்ட மாவட்டம் இது. நிலப்பரப்பில் முக்கால் பங்குக்குமேல் காடு. தேக்கு, மூங்கில், இலுப்பை, பீடி இலை. கோண்டு மக்களும் மாடியா மக்களும் அந்தக் காட்டை நம்பி வாழ்கிறார்கள். வாரச்சந்தையில் இலுப்பைப் பூவை அளந்து விற்கும் கோண்டுப் பெண் ரண்டு, மூண்டு, நாலுங் என்று எண்ணுவதைக் கேட்டால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். கோண்டியும் திராவிட மொழிதான். நக்சலைட்டு மோதல் செய்திகளில்தான் கட்சிரோலியின் பெயர் பெரும்பாலும் வெளியே வரும். பச்சிளங்குழந்தை மருத்துவம் படித்தவர்கள் மட்டும் இந்தப் பெயரை வேறு காரணத்துக்காகப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பார்கள்.

கட்சிரோலியிலிருந்து தானோரா போகும் சாலையில் 17 கிலோமீட்டர் போனால் சாத்காவ். அதை ஒட்டி இருக்கிறது சோத்கிராம். டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி தொடங்கிய ‘சர்ச்’ (SEARCH) என்ற மருத்துவத் தொண்டு அமைப்பின் இருப்பிடம்.

அபய், வார்தாவில் காந்தியின் சேவாகிராமச் சூழலில் வளர்ந்தவர். தந்தை தாகூர்தாஸ் பங் காந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். ராணி சந்திரபூர்க்காரர். இருவரும் நாக்பூர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தார்கள். அபய் பொது மருத்துவம், ராணி மகப்பேறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொது சுகாதாரம் படித்துவிட்டு 1984இல் திரும்பியவர்கள், நாட்டின் பெரிய நகரங்களை விட்டுவிட்டு இந்தக் காட்டு மாவட்டத்துக்கு வந்து 1986இல் வேலையைத் தொடங்கினார்கள். முதல் அலுவலகம், பீடி இலை அடுக்கி வைக்கும் பழைய கிடங்கு.

அபய் பங் பலமுறை சொல்லியிருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. மழை கொட்டிய ஒரு இரவில் இரண்டு பெண்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கையில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. கட்டிலில் கிடத்திப் பரிசோதிப்பதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது. குழந்தை ஏன் செத்தது என்று அவர் காரணங்களை எழுத உட்கார்ந்தபோது பட்டியல் பதினெட்டுக்கு வந்தது. தாய் கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடவில்லை, மலேரியா வந்தது, பிள்ளை எடை குறைந்து பிறந்தது, பால் போதவில்லை, மந்திரவாதியிடம் போனார்கள், ஆற்றில் வெள்ளம், பாலம் இல்லை. இப்படியே போகிறது அந்தப் பட்டியல். பதினெட்டையும் சரிசெய்ய எத்தனை தலைமுறை ஆகும்? வறுமை ஒழியட்டும், பாலம் வரட்டும் என்று காத்திருந்தால் நாளை பிறக்கும் குழந்தைக்கு என்ன வழி? எங்கேயாவது ஒரு கண்ணியை வெட்டினால் போதும், சாவு நின்றுவிடும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்தக் கண்ணி எது என்று தேடுவதற்கு முதலில் கணக்கு வேண்டும். எந்த ஊரில் எத்தனை பிறப்பு, எத்தனை சாவு, எந்த நாளில், எதனால்.

கட்சிரோலியின் உண்மையான சாதனை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மருந்துகள் பழையவை, மலிவானவை, எங்கும் கிடைப்பவை. ஒவ்வொரு பிறப்பும் ஒவ்வொரு இறப்பும் பதிவாகும் ஒரு நோட்டு, அதை நிரப்பத் தெரிந்த ஒரு உள்ளூர்ப் பெண், அவள் எழுதியதைச் சரிபார்க்க வந்துகொண்டே இருக்கும் ஒரு மேற்பார்வையாளர்: இந்த மூன்றும் சேர்ந்த ஊர் அப்போது நாட்டில் அபூர்வம்.

கணக்கு எடுத்தால் என்ன தெரியவரும் என்பதை ராணி பங் முதலிலேயே காட்டிவிட்டார். அப்போது மாவட்டத்தில் இருந்த ஒரே மகப்பேறு மருத்துவர் அவர். பெண்கள் பிரசவத்தைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, மாதவிலக்குக் கோளாறு என்று வெளியே சொல்ல முடியாததை எல்லாம் அவரிடம் சொன்னார்கள். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் ‘லான்செட்’ இதழில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்ததைக் காட்டியது. அதற்கு முன் பெண்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். தாய்சேய் நலம் என்றால் கர்ப்பமும் குடும்பக் கட்டுப்பாடும் மட்டுமே என்று எண்ணியிருந்த உலகம், கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கும் உடம்பு உண்டு என்பதை அந்தப் பக்கங்களில் படித்தது.

சோத்கிராமுக்குள் நுழைபவர் மருத்துவமனையைத் தேட வேண்டியிருக்கும். பெரிய கட்டடம் எதுவும் கண்ணில் படாது. ஆஸ்பத்திரி எப்படி இருந்தால் வருவீர்கள் என்று கட்டுவதற்கு முன்பே கோண்டு மக்களிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிய கட்டடத்துக்குள் வழி தெரியாமல் பயமாக இருக்கிறது என்றார்கள். நோயாளியோடு வீட்டார் தங்க இடம் இல்லை என்றார்கள். டாக்டரும் நர்ஸும் வெள்ளை உடுத்துகிறார்கள், நாங்கள் பிணத்துக்கல்லவா வெள்ளை போர்த்துவோம் என்றார்கள். அதனால் சோத்கிராம் கோண்டுக் கிராமத்தின் அமைப்பில் கட்டப்பட்டது. நோயாளியின் குடும்பம் கூடவே தங்கிச் சமைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்குப் பெயர் மா தந்தேஸ்வரி; அந்த மக்கள் கும்பிடும் தெய்வத்தின் பெயர். வாசலில் அம்மன் இருக்கிறாள், உள்ளே அறுவைச் சிகிச்சை நடக்கிறது. நோயாளி வருவதற்குத் தடையாக இருப்பது பணமும் தூரமும் மட்டும்தான் என்று திட்டம் போடுகிறவர்கள் இங்கே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

குழந்தைகளின் கணக்கில் முதலில் கண்ணில் பட்டது நிமோனியா. தடிமன், சளி என்று வீட்டில் விட்டுவிடும் குழந்தை இரண்டு நாளில் போய்விடும். மூச்சு வேகமாக ஓடுகிறதா என்று பார்த்தால் போதும், ஸ்டெதாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாமலே நிமோனியாவைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 மூச்சு, அதற்கு மேல் ஒரு வயது வரை 50 மூச்சு என்பது எல்லை. சிக்கல் என்னவென்றால், குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு வரைதான் எண்ண வரும்.

இதற்காகச் செய்த கருவி சோத்கிராமின் மிக எளிய கருவி, பார்ப்பதற்குக் குழந்தைகளின் மணிச்சட்டம். பலகையில் ஒரு நிமிட மணல் கடிகாரம் பொருத்தியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு கம்பிகளில் மணிகள் கோத்திருக்கின்றன. சின்னக் குழந்தைக்கு ஒரு வரிசை, கொஞ்சம் பெரிய குழந்தைக்கு இன்னொரு வரிசை. மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டு மருத்துவச்சி குழந்தையின் வயிற்றையே பார்க்கிறாள். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. பத்து ஆனதும் ஒரு மணியைத் தள்ளுகிறாள். மறுபடி ஒன்றிலிருந்து பத்து. வெள்ளை மணிகள் தீர்ந்து கடைசியிலுள்ள சிவப்பு மணியைத் தள்ள நேர்ந்து, அப்போதும் மணல் மிச்சம் இருந்தால் அது நிமோனியா. மருந்து உடனே தொடங்க வேண்டும். அறுபது வரை எண்ணத் தெரியாத ஒருத்தியின் கையில் மருத்துவக் கல்லூரி மாணவன் செய்யும் நோய் நிர்ணயம் வந்துவிட்டது. இந்த நிமோனியா சோதனையின் முடிவுகள் 1990இல் ‘லான்செட்’டில் வந்தன. குழந்தைச் சாவு குறைந்தது.

ஆனால் ஓரளவுக்குத்தான் குறைந்தது. நோட்டுகளைப் புரட்டினால் காரணம் தெரிந்தது. சாகும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு மாதம்கூட நிரம்பாதவர்கள். பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தை, குறைமாதக் குழந்தை, குளிர்ந்துபோன குழந்தை, இரத்தத்தில் கிருமி பரவிய குழந்தை. பச்சிளங்குழந்தைக்கு ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம், அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்பது அன்றைய மருத்துவத்தின் முடிவு. கட்சிரோலியிலோ நூற்றுக்கு 95 பிரசவங்கள் வீட்டில். 1995–96இல் 763 பச்சிளங்குழந்தைகளை வீட்டுக்கே போய்க் கவனித்துப் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தான ஏதோ ஒரு கோளாறு இருந்தது. மருத்துவரைப் பார்த்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் தீட்டுக் கழியும் முன் வெளியே கொண்டுபோகும் வழக்கமும் இல்லை, கொண்டுபோக வண்டியும் இல்லை.

குழந்தை வராவிட்டால் வைத்தியம் போக வேண்டியதுதான். 39 ஊர்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாவது முதல் பத்தாவது வரை படித்தவர்கள். ‘ஆரோக்கியதூத்’ என்று பெயர். முதலாண்டில் அவர்கள் கவனிக்கவும் எழுதவும் மட்டும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டுதான் மருந்தைக் கையில் கொடுத்தார்கள். இந்த வரிசை முக்கியம். பல அரசுத் திட்டங்கள் பையைக் கொடுத்துவிட்டுப் பிறகு பயிற்சிக்கு ஆள் தேடும்.

ஆரோக்கியதூத்தின் வருகை எப்படி நடக்கும் என்று பார்க்க அதிகம் நடக்க வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் சாணம் மெழுகிய எந்த முற்றமும் அதற்கு இடம்தான். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலரும் வரை உயர்த்திப் பிடிக்கிறாள். கழுவிய கையைப் புடவையில் துடைக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். வெப்பமானியை அக்குளில் வைத்துவிட்டு அந்த நேரத்தில் தாயிடம் பேச்சுக் கொடுக்கிறாள். பால் எத்தனை தடவை கொடுத்தாய், ராத்திரி கொடுத்தாயா, துர்நாற்றமாக ஏதாவது போகிறதா, காய்ச்சல் உண்டா. பிறகு துணித் தொட்டிலோடு தொங்கும் வில்தராசில் குழந்தையைப் போடுகிறாள். எடை குறைவென்றால் கம்பளித் துணியில் தைத்த பை ஒன்று வெளியே வருகிறது. கழுத்து வரை உள்ளே போட்டு நாடாவைக் கட்டிவிட்டால் முகம் மட்டும் தெரியும். “குளிப்பாட்டலையே அக்கா, அழுக்கோட கட்டி வைக்கிறியே” என்று பாட்டி குறைப்பட்டுக்கொள்வாள். “தொப்புள் விழட்டும் பாட்டி, உங்க கையாலேயே குளிப்பாட்டலாம்” என்று ஆரோக்கியதூத் சமாளிப்பாள். பாட்டியிடம் சண்டை போட்டு ஜெயித்தால் அடுத்த முறை கதவு திறக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் 28 நாளில் இப்படி எட்டு முறையாவது போக வேண்டும். பிரசவத்தின்போதும் மருத்துவச்சியோடு சேர்ந்து இருக்க வேண்டும். மருத்துவச்சி தாயைப் பார்க்கிறாள், இவள் குழந்தையை. மூச்சுவிடாத குழந்தைக்கு முகமூடியும் பலூனும் வைத்துக் காற்று ஊத வேண்டும். இரத்தத்தில் கிருமி பரவியதற்கான அடையாளங்கள் இவளுக்கு மனப்பாடம்: நன்றாக அழுத குழந்தையின் குரல் தேய்வது, பால் குடிப்பதை நிறுத்துவது, கைகால் துவள்வது, தொட்டால் சில்லிடுவது, நெஞ்சு உள்வாங்குவது, தொப்புளில் சீழ், வயிறு உப்புவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறாள். வீட்டார் மறுத்தால், அவர்கள் சம்மதத்தோடு, ஜென்டாமைசின் ஊசியைத் தானே போடுகிறாள்.

ஊசி என்றதும்தான் எதிர்ப்பு வந்தது. ஏழாவது படித்த பெண், மூன்று நாள் குழந்தைக்கு ஊசி போடுவதா? மருத்துவர்களின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. போலி டாக்டர்களின் ஊசியால் கெட்ட நாடு இது. ஆனால் இவள் கையில் இருந்த மருந்தின் அளவு எடைக்கு ஏற்பக் குறிக்கப்பட்டது, ஒவ்வொரு ஊசியும் பதிவானது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். 1999 டிசம்பரில் ‘லான்செட்’டில் வந்த முடிவுகள் அந்த விவாதத்தின் போக்கை மாற்றின. இரத்தக் கிருமித் தொற்று வந்த குழந்தைகளில், சிகிச்சைக்கு முன்பு நூற்றுக்கு 16.6 பேர் இறந்தார்கள். ஆரோக்கியதூத்கள் ஊசி போட ஆரம்பித்த பிறகு 2.8 பேர். ஆயிரம் பிறப்புக்கு 62 என்றிருந்த பச்சிளங்குழந்தைச் சாவு, மூன்றாம் ஆண்டில் 25.5க்கு இறங்கியது. திட்டம் நடக்காத 47 ஊர்களோடு ஒப்பிட்டால் குறைவு 62 சதவீதம். ஒரு குழந்தைக்கான செலவு 5.3 டாலர். பராமரிக்கப்பட்ட 18 குழந்தைகளுக்கு ஒரு சாவு தவிர்க்கப்பட்டது.

இந்த ஆய்வில் ஊர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, இவ்வளவு அர்ப்பணிப்புள்ள இரண்டு மருத்துவர்கள் எல்லா மாவட்டத்துக்கும் கிடைப்பார்களா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் வேறு இடங்களிலிருந்து வந்தது. நேபாளத்தின் மக்வான்பூரில் மருந்தே கொடுக்காமல், பெண்கள் குழுவாக உட்கார்ந்து பேசித் தீர்வு தேடியதில் பச்சிளங்குழந்தைச் சாவு 30 சதவீதம் குறைந்ததாக 2004இல் ஆய்வு வெளியானது. 2008இல் வங்கதேசத்தின் சில்ஹட்டிலிருந்து வந்த முடிவு 34 சதவீதம். அதே ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட்டில், குழந்தையைத் தாயின் உடம்போடு ஒட்டி வைத்துச் சூடு காப்பது போன்ற பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்ததில் 54 சதவீதம். முறைகள் வேறு வேறு. ஆள் ஒருவர்தான், அந்தந்த ஊர்ப் பெண். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2009இல் பச்சிளங்குழந்தைக்கு வீட்டு வருகையைப் பரிந்துரைத்தன. 2011இல் இந்திய அரசு ‘ஆஷா’ என்னும் கிராம சுகாதாரப் பணியாளர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தது.

ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் ஆறு வருகை, வீட்டுப் பிரசவம் என்றால் முதல் நாளையும் சேர்த்து ஏழு. 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்கள். எல்லா வருகையும் முடிந்தால் 250 ரூபாய். நாடு முழுக்க ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள். ஒரு காட்டு மாவட்டத்தின் யோசனை இவ்வளவு தூரம் போனது பெருமைக்குரியதுதான். ஆனால் போகும் வழியில் எது கழன்று விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஊசி விழுந்தது. 2014இல் அரசு ஜென்டாமைசின் வழிகாட்டுதலை வெளியிட்டபோது அனுமதி துணை செவிலியர்களுக்குத்தான், அதுவும் குறிப்பிட்ட சூழ்நிலைகளில். பல மாநிலங்களில் மேற்பார்வையும் தளர்ந்தது. ஆஷாவுக்குச் சம்பளம் கிடையாது, வேலைக்கேற்ற ஊக்கத்தொகைதான். தடுப்பூசி, கணக்கெடுப்பு, காசநோய், குடும்ப நலம் என்று எல்லாம் அவள் தலையில். அவள் எழுதிய தாளைத் திருப்பிப் பார்த்துத் தவறைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், 42 நாள் படிவம் ஒரே உட்காரலில் நிரப்பப்படும். குற்றம் அவள் மேல் இல்லை.

ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகிவிட்டதே, வீட்டு வருகை இன்னும் எதற்கு என்று கேட்பவர்கள் தேசிய குடும்ப நல ஆய்வின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2005–06இல் நூற்றுக்கு 39 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன, 2019–21இல் 89. இரண்டு மடங்குக்கும் மேல். அதே காலத்தில் பச்சிளங்குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 39இலிருந்து 25க்குத்தான் இறங்கியது. காரணம் சிக்கலானதல்ல. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தாயும் சேயும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் இருபத்தைந்து நாளும் அதே கூரைக்கடியில், அதே புகையில், அதே பாட்டியின் பொறுப்பில்தான். 2022இல் உலகில் ஒரு மாதம் நிறையாமல் இறந்த குழந்தைகள் 23 லட்சம்.

தாயின் கணக்கு வேறு. அதை வீட்டு வாசலில் தீர்த்துவிட முடியாது என்பதையும் கட்சிரோலியே சொன்னது. வீட்டில் பிரசவித்த 772 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரசவத்திலோ பின்னரோ ஏதோ ஒரு கோளாறு. நூற்றுக்கு 15 பேருக்கு அவசர மகப்பேறு சிகிச்சை தேவைப்பட்டிருக்கும் என்று ஆய்வு கணித்தது. இரத்தம் ஏற்ற வேண்டும், அறுவை செய்ய வேண்டும், மயக்க மருந்து கொடுக்க ஆள் வேண்டும். இவற்றைப் பையில் போட்டு முற்றத்துக்குக் கொண்டுவர முடியாது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும். தானோராவுக்கு அப்பால் உள்ள பல ஊர்களிலிருந்து மழைக்காலத்தில் தார்ச்சாலைக்கு வருவதற்கே அந்த நேரம் ஆகும்.

ஆஸ்பத்திரிக்குள்ளும் கணக்கு தவறுகிறது என்பதுதான் அண்மைக் கால ஆய்வுகளின் செய்தி. பிரசவ அறையில் எவ்வளவு இரத்தம் போயிற்று என்பதைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்து மதிப்பிடுவார்கள். துணியிலும் தரையிலும் ஊறியதைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் ஒரு சோதனை நடந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்தார்கள். வழியும் இரத்தம் அதன் பையில் சேர்ந்து, எத்தனை மில்லிலிட்டர் என்று கோடே சொல்லிவிடும். எல்லைக் கோட்டைத் தொட்டதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்து, நரம்பு வழித் திரவம், பரிசோதனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே வீச்சில் தொடங்கின. கடும் உதிரப்போக்கு, அதனால் நேரும் அறுவை, சாவு ஆகிய மூன்றும் சேர்ந்த பாதிப்பு 60 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வந்தது. மணிச்சட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த விரிப்பு அதே குடும்பத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும். ஒரு நர்ஸின் கண்மதிப்பைக் கோடாக மாற்றிக் கொடுத்த பொருள் அது. இந்தியாவின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது கிடைக்க வேண்டும். அதன் விலை பெரிய தடையாக இருக்க முடியாது.

கட்சிரோலியிலிருந்து தெற்கே பாம்ராகட் போகும் சாலை, நாக்பூரிலிருந்து வந்த தூரத்துக்கு ஏறத்தாழ சமம். சாமோர்ஷி, ஆஷ்டி, ஆலப்பள்ளி. ஆலப்பள்ளிக்குப் பிறகு காடு சாலையை நெருக்குகிறது. வழியில் ஹேமல்கசா. சமூக சேவகர் பாபா ஆம்தே 1973இல் தொடங்கிய பணியை மகன் பிரகாஷும் மருமகள் மந்தாகினியும் டாக்டர்களாக அங்கேயே தங்கி நடத்திய இடம். இருவருக்கும் 2008இல் மக்சேசே விருது கிடைத்தது. மருத்துவம் என்றால் என்னவென்றே அறியாத மாடியா மக்கள் கிட்டே வருவதற்கே அவர்கள் வெகுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது. சில கிலோமீட்டரில் பாம்ராகட். இந்திராவதி, பாமுலகவுதமி, பர்லகோட்டா என்று மூன்று ஆறுகள் சேரும் இடம். மழைக்காலத்தில் பர்லகோட்டா பாலத்தின் மேல் தண்ணீர் ஓடி, அக்கரையிலுள்ள ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்படுவது மராத்திச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வரும் செய்தி.

இங்கே தாய்சேய் நலப் பணியின் மிகப் பெரிய கருவி நாட்காட்டி. மழை விதர்பாவை எட்டுவது ஜூன் நடுவில். அதற்கு முன்பே, ஜூலையிலும் ஆகஸ்டிலும் பேறுகாலம் வரும் பெண்கள் யார், எந்த ஊர், எந்த ஆற்றுக்கு அந்தப்புறம் என்று பட்டியல் போட்டாக வேண்டும். மகாராஷ்டிர அரசு பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களோடு சேர்த்து நடத்தும் ‘மாஹேர்கர்’ என்ற தங்குமிடங்களில் தேதி நெருங்கும் முன்பே கர்ப்பிணி வந்து தங்கலாம், கூட ஒருவரும் தங்கலாம், மற்ற பிள்ளைகளையும் அழைத்து வரலாம். ஆனால் ஜூலை நாற்று நடும் மாதம். வயலில் ஒரு கை குறையும் என்று மாமியார் யோசிப்பாள்; ஆடும் கோழியும் யார் பார்ப்பது என்று கர்ப்பிணியே யோசிப்பாள். ஆஷா இரண்டு தடவை, மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போகிறாள். முதல் தடவை கணவனிடம், அடுத்த தடவை மாமியாரிடம். ஊர்ப் பூசாரி சொன்னால் கேட்பார்கள் என்றால் அவரிடமும் போகிறாள். பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே வந்துவிட்டார் என்று குறித்த பிறகே அடுத்த பெயருக்கு நகர்கிறாள். வர மறுத்தவர்களின் ஊர்களுக்கு, பாலம் மூழ்குவதற்குள், கையுறையும் சோப்பும் புதுப் பிளேடும் தொப்புள்கொடி கட்டும் நூலும் அடங்கிய பிரசவப் பை போய்ச் சேர வேண்டும்.